நான் கொல்லாத மீன்கள்

நம் வயசுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு கதை ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் சொன்ன கதை இல்லை, நம்மைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் கதை. ஒருத்தன் கல்யாண வீட்டில் பாயச அண்டாவுக்குள் விழுந்தவன். ஒருத்தி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று பஸ்ஸுக்கு முன்னால் படுத்தவள். தலை நரைத்து, மருமகன் மருமகள் எடுத்த பிறகும் ஏதாவது ஒரு விசேஷ வீட்டில் யாராவது அதை எடுத்து விடுவார்கள். நாமும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்போம். என் கதை என்னவென்றால், நான் மீனைக் கொன்றவள். ஒரு தொட்டி மீனைக் கம்பளி போட்டு மூடி, மூச்சு முட்ட வைத்துக் கொன்றவள்.

நான் கொல்லவில்லை. அது எனக்கே தெரிய நாற்பது வருடம் ஆகிவிட்டது. இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? பிள்ளைகளிடம் சொன்னால், "அதுக்கு இப்போ என்னம்மா?" என்கிறார்கள்.

எங்கள் வீடு தென்காசியில். அப்பா ஓர் அலுவலகத்தில் கிளார்க். வடகரையில் தாத்தா காலத்து நெல்வயல் இருந்தது, லீவு நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். அம்மா, என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா, நான். இவ்வளவுதான் குடும்பம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அப்பாவோடு படித்த ஒருவர் குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தினார். லாட்ஜ் மாமா என்போம். அந்த வருடம் சீசனுக்கு முன்னால் வரவேற்பறையில் டிவி வைக்கப் போகிறேன் என்று அங்கிருந்த மீன்தொட்டியை எங்களுக்குக் கொடுத்துவிட்டார். முதல் சாரல் விழுந்த வாரம், கோணிச் சாக்கு சுற்றி, டாக்ஸி டிக்கியில் வந்து இறங்கியது. இரும்புச் சட்டம், கனத்த கண்ணாடி, குமிழி விடும் சின்ன மோட்டார், கண்ணாடியை ஒட்டியிருந்த பட்டிப் பசையின் எண்ணெய் வாசம். மீன்கள் தனியாக ஒரு தூக்குவாளியில் வந்தன. இரண்டு கௌராமி, நாலு கறுப்பு மோலி, எண்ண விடாமல் ஓடும் கப்பிகள். கூட ஆறு நத்தை. ரிப்பன் போல இலை நீண்ட செடிகள் ஒரு ஈரத்துணியில் சுருட்டி இருந்தன.

அதை அமைத்ததில் அப்பாவுக்கு என்னைவிட ஆசை. என்னைச் சைக்கிள் கம்பியில் உட்கார வைத்துச் சிற்றாற்றுக்குக் கூட்டிப்போனார். மணல் அள்ளி, சல்லடையில் சலித்து, கலங்கல் போகும் வரை கொல்லையில் கழுவினோம். ஒவ்வொரு செடியின் வேரிலும் ஒரு கூழாங்கல்லை நூலால் கட்டி மணலில் பதித்தார். "இது வயக்காட்டு நடவுதாம்ட்டி, தண்ணிதான் கூட" என்றார். அன்று சாயங்காலம் முன்னறையில் நாங்கள் இரண்டு பேரும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா திட்டிக்கொண்டே தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பாவைப் பற்றி நான் இனிமேல் சொல்லப் போவதற்கெல்லாம் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

சீசன் வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் குற்றாலத்துக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். கேனிலோ தூக்குவாளியிலோ அருவித் தண்ணீர் வந்துவிடும். மூலிகைத் தண்ணீர் என்று காய்ச்சல்காரருக்குக் கொடுப்பார்கள், பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றுவார்கள். அப்பா அதைத் தொட்டிக்கும் கொண்டுவர ஆரம்பித்தார். குழாய்த் தண்ணீர் போதுமே என்று அம்மா சொன்னதற்கு, "மலையில இருக்க மூலிகை எல்லாம் இதுலதான் இறங்கி வருது. மனுசனுக்கே சொஸ்தமாவுது, மீனுக்கு ஆவாதா?" என்று கேட்டார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் சீசன் கூட்டத்தில் அருவிக்குக் கீழே கேனை நீட்ட முடியுமா? அதனால் கொஞ்சம் கீழே தள்ளி, தண்ணீர் ஓடைக்குத் திரும்புகிற இடத்தில் பிடித்து வருவார். மேலே ஊர் உலகமே எண்ணெய் தேய்த்து, சீயக்காயும் சோப்பும் ஷாம்புவும் போட்டுக் குளிக்கும். அவ்வளவும் கழுவி இறங்குகிற இடம் அதுதான். கேனைத் திறந்தால் நல்லெண்ணெய் வாசம் வரும். நான் அதையும் மூலிகை வாசம் என்றே நினைத்தேன். இப்போது யோசித்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. பாசிக்கு அதைவிட நல்ல சாப்பாடு யாரும் போட்டிருக்க முடியாது.

மூன்றாவது வாரம் கண்ணாடியில் பச்சைப் புகை படிந்தது. விரலால் தேய்த்தால் போகும், மறுநாள் வந்துவிடும். பிறகு இலைகளின் ஓரத்தில் முடி முளைத்தது. பஞ்சைவிட மெலிதான பச்சை முடி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, செடிகளை அமுக்கிக் கீழே இழுத்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அதற்கு முன்னால் உட்காருவேன். பழைய பிளேடால் கண்ணாடியைச் சுரண்டுவேன். விளக்குமாற்று ஈர்க்குச்சி இரண்டைச் சேர்த்துப் பிடித்து, பாசி முடியைச் சுற்றிச் சுற்றி எடுப்பேன். கையில் குளத்து வாசம் சோறு தின்னும்போதும் போகாது. பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் தினமும் எழுதி வைத்தேன். இன்று எந்த இலையில் வந்தது, எத்தனை சுற்று எடுத்தேன், நத்தைகள் எங்கே ஊர்ந்தன என்றெல்லாம். யாரும் எழுதச் சொல்லவில்லை.

அந்தத் தொட்டியின் இடது பக்கக் கண்ணாடியில் அக்காவின் தையல் மிஷின் மூடி சாய்ந்தே கிடக்கும். ஒரு நாள் அவள் அதை எடுத்தாள். மூடி மறைத்திருந்த இடத்தில் மட்டும் பாசி இல்லை. மூடியின் வளைவுகூட அப்படியே கண்ணாடியில் தெரிந்தது. நான் நோட்டை எடுத்துப் பார்த்தேன். காலை வெயில் ஜன்னல் வழியாக விழும் பக்கத்தில்தான் எல்லா முடியும் முளைத்திருந்தது. வெளிச்சம்தான் காரணம் என்று எனக்குப் புரிந்தது. பன்னிரண்டு வயதில் ஒரு விஷயத்தை நானாகக் கண்டுபிடித்தேன், அதைப் போல ஒரு சந்தோஷம் பிறகு பாங்க் பரீட்சை பாஸானபோதுகூட வரவில்லை.

அதே நேரத்தில் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருந்தவர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வெள்ளையடிக்கிற நாள் மாதிரி வீடே பரபரப்பானது. சனிக்கிழமை அப்பா முன்னறையில் நின்று சுற்றிலும் பார்த்தார். பார்வை தொட்டியில் வந்து நின்றது.

"பாசி பிடிச்ச வீடுன்னு சொல்லிட்டுப் போயிருவாவ. அதைத் தூக்கிக் கொல்லையில போட்டுருவோம்" என்றார்.

நான் அழுதேன். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு நோட்டைக் கொண்டுவந்து காட்டினேன். தையல் மிஷின் மூடியைக் காட்டினேன். "நாலு நாளு இருட்டுல வச்சாப் போதும்ப்பா. பாசி பட்டினி கிடந்து செத்துரும். செடிக்கு வேர் இருக்கு, அது தாங்கிரும். மேல காத்துக்கு இடம் விடுவேன், குமிழி மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும்" என்றேன்.

அப்பா நோட்டை வாங்கிப் புரட்டினார். பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல் என்னிடம் பேசினார், அதுதான் எனக்கு மறக்கவில்லை.

"சரிட்டி. நீ சொல்லுதபடியே செய்வோம். வியாழக்கிழமை காலம்பற வரைக்கும் ஒருத்தரும் தொடமாட்டோம். நானும் தொடமாட்டேன், போதுமா? பாசி போச்சுன்னா தொட்டி உனக்கு. போவலைன்னா பேசப்பிடாது."

ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா வயலில் ராக்காவலுக்குப் போர்த்தும் கறுப்புக் கம்பளியை எடுத்துத் தொட்டியை மூடினேன். பின்பக்கம் மேலே ஒரு சாண் திறந்து விட்டேன். நாலு நாளும் எனக்குப் பாடத்தில் மனசு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தால் கம்பளிக்குப் பக்கத்தில் காதை வைத்து மோட்டார் சத்தத்தைக் கேட்பேன். திறந்து பார்க்க ஆசை முட்டும், திறக்க மாட்டேன். வாக்குக் கொடுத்தவள் நானும்தானே.

வியாழக்கிழமை காலை எல்லோரும் நிற்கக் கம்பளியை எடுத்தேன். தண்ணீர் அப்படித் தெளிந்திருந்தது. கண்ணாடியே இல்லாதது மாதிரி இருந்தது. பச்சை முடியெல்லாம் வெளுத்து, உதிர்ந்து, மணலில் சாம்பலாய்க் கிடந்தது. லேசாக ஒரு நீலம்கூடத் தெரிந்தது, ஜன்னல் வழியாக வானம்தான் தெரிகிறது என்று நினைத்தேன். அக்கா கைதட்டினாள். அம்மா, "ஏட்டி, சாதிச்சிட்டியே" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அப்பா மட்டும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அலுவலகத்துக்கு நேரமாகியிருக்கும் என்று நினைத்தேன். அன்றைய நோட்டில் நான் எழுதியது இதுதான்: பாசி இல்லை, மீன் எல்லாம் இருக்கிறது, நத்தை ஆறும் அடியில் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எவ்வளவு சுத்தமா வச்சிருக்காவ, பாருங்க. மீனு எல்லாம் மேல வந்து நம்மளைப் பாக்குது" என்றார்.

"எல்லாம் எங்க சின்னவதான் பண்ணுதா" என்றார் அப்பா. எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. மீன்கள் மேலே வந்தது எங்களைப் பார்க்க இல்லை, மூச்சு விட முடியாமல் என்று இப்போது தெரிகிறது.

சம்பந்தம் முடிவானது. சனிக்கிழமை கப்பிகள் செத்தன. மத்தியானத்துக்குள் மோலிகள். ஞாயிறு காலை பெரிய கௌராமி பக்கவாட்டில் சாய்ந்து வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. ரிப்பன் இலைகள் தொட்டால் கூழாகப் பிய்ந்தன. நான் குடத்தில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் அதுவும் நின்றுவிட்டது.

"என்னப்பா ஆச்சு? நான் எல்லாம் சரியாத்தானே செஞ்சேன்?" என்று அப்பாவைத்தான் கேட்டேன். வேறு யாரைக் கேட்பேன்?

அவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "நாலு நாளு மூடிப் போட்டா மூச்சு முட்டாம என்ன செய்யும்?" என்றார்.

அம்மா மீன்களை முறத்தில் வாரிக் கொல்லையில் குழி தோண்டிப் போட்டாள். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்போது அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன். நோட்டை நானே அடுப்பில் போட்டேன். தொட்டியில் கொஞ்ச நாள் கோழிக்குஞ்சு வளர்த்தார்கள்.

அக்கா கல்யாண வீட்டிலேயே கதை ஆரம்பித்துவிட்டது. "இவதான் மீனைக் கொன்னவ. பக்கத்துல பிள்ளையை விடாதிய, கம்பளி போட்டு மூடிருவா" என்று அத்தைமார் கேலி பண்ணுவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். நான் மீன் சாப்பிடுவதைக்கூட விட்டுவிட்டேன், அதற்கும் ஒரு சிரிப்பு.

பன்னிரண்டாவது முடித்தபோது தூத்துக்குடியில் மீன்வளப் படிப்பு இருப்பது தெரிந்தது. அந்த மீன்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குள் ஒரு மூலையில் கேள்வி இருந்துகொண்டேதான் இருந்தது, படித்தால் தெரியும் என்று ஒரு நப்பாசை. மார்க்கும் இருந்தது. விண்ணப்பத்தை வாங்கி, அழகாகப் பூர்த்தி செய்து, கையெழுத்துக்கு அப்பாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டி, நிதானமாக முழுவதும் படித்தார்.

"ஒரு தொட்டி மீனைக் காப்பாத்த முடியல ஒன்னால. மீன் படிப்பு படிக்கப் போறியாக்கும்?" என்றார்.

உண்மைதானே என்று நினைத்தேன். நானே அந்தத் தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தேன். பி.காம். படித்தேன், பாங்கில் சேர்ந்தேன், விருப்ப ஓய்வும் வாங்கிவிட்டேன். குறையாக ஒன்றும் வாழ்ந்துவிடவில்லை. ஆனால் எதையாவது புதிதாகச் செய்யலாம் என்று கை நீளும்போதெல்லாம், நீ தொட்டால் கெட்டுப்போகும் என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அது யாருடைய குரல் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

இப்போது இருப்பது பாளையங்கோட்டையில். போன வருடம் மகன் ஒரு தொட்டி வாங்கி வைத்தான். பயந்துகொண்டேதான் அதன் பக்கத்தில் போனேன். எல்இடி விளக்கு, கறுப்பு மண், கடையில் வாங்கிய செடிகள். இரண்டு மாதத்தில் அதே பச்சை முடி வந்தது. மீன்கடைத் தம்பியிடம் கேட்டேன். "அது ஒண்ணுமில்லம்மா. விளக்கை அணைச்சுட்டு மூணு நாலு நாள் நல்லா மூடி வைங்க. ஏர் பம்பு ஓடட்டும். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க" என்றான்.

"மீனு செத்துராதா?" என்று கேட்டேன்.

"மூடுனதுக்கெல்லாம் எப்படிம்மா சாகும்?" என்று சிரித்தான்.

போர்வையால் மூடினேன். நாலாம் நாள் எடுத்தேன். கொஞ்சம் பாசி மிச்சமிருந்தது, முடி வெளுத்திருந்தது, செடி நன்றாக இருந்தது. மீன் ஒன்றுகூடக் குறையவில்லை. நத்தைகள் கண்ணாடியில் ஊர்ந்தன. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் கடைக்குப் போய், மிச்சப் பாசிக்கு மருந்து ஏதும் உண்டா என்று கேட்டேன். ஒரு பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்து, "இதுல காப்பர் இருக்கும்மா. நத்தை இருந்தா போடாதீங்க, அதுதான் முதல்ல சாகும். அளவு தப்புனா மீனும் போயிரும்" என்றான்.

நத்தை ஆறும் அடியில் கிடக்கிறது. நான் எழுதிய வரி கண்ணுக்கு முன்னால் வந்தது. வடகரை வயலில் நாற்றுக்கு மேலே பாசி படர்ந்தால் அப்பா என்ன செய்வார் என்பதும் வந்தது. மயில்துத்தத்தை ஒரு துணியில் முடிச்சாகக் கட்டி, தண்ணீர் உள்ளே வருகிற மடையில் போடுவார். நீலம் கரைந்து வயலெல்லாம் பரவும். இரண்டு நாளில் பாசி வெளுத்துவிடும். அந்தக் காப்பர்தான் மயில்துத்தத்திலும் இருப்பது.

அக்காவுக்கு போன் போட்டு, அந்தத் தொட்டியில் யாராவது துத்தம் போட்டார்களா என்று கேட்டேன். அவளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

"ஒனக்குத் தெரியாதாட்டி?" என்றாள், நிஜமான ஆச்சரியத்தோடு. "அப்பாதான் முடிச்சுக் கட்டிப் போட்டாவ. அம்மா அன்னைக்கே எங்கிட்டச் சொல்லுச்சு. கல்யாணம் பேசுத நேரம், எதுக்குப் பிரச்சினைன்னு விட்டுட்டோம். அப்புறம் மறந்தே போச்சு."

"என்னை நீங்க எல்லாரும் மீனைக் கொன்னவன்னு கூப்பிட்டியளே."

"அது சும்மா கேலிக்குத்தானட்டி" என்றாள்.

அடுத்த நாள் காலை தென்காசிக்கு பஸ் ஏறினேன். அம்மா போய் ஆறு வருடமாகிறது. அப்பா அதே வீட்டில்தான் இருக்கிறார், சமைத்துப் போட ஒரு அம்மா வந்து போகிறார். எண்பத்தாறு வயதிலும் பேப்பரைக் கண்ணாடி போட்டு முழுவதும் படிப்பார். போகும் வழியிலேயே நான் பாதி மன்னித்திருந்தேன். மூத்த பெண்ணின் கல்யாணம் கெட்டுவிடுமோ என்று பயந்த மனுஷன், அவருக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். வயலுக்கு ஆகும் என்றால் தொட்டிக்கும் ஆகும் என்று நினைத்திருப்பார். தப்பு நடப்பதுதான்.

"அந்தத் தொட்டியில துத்தம் போட்டது நீங்களாப்பா?" என்று கேட்டேன்.

பேப்பரை மடித்தார். "யாரு சொன்னா?"

"அக்கா."

"ஆமா, போட்டேன். புதன்கிழமை எட்டிப் பாத்தேன், இன்னும் பச்சை கிடந்துச்சு. முடிச்சைப் போட்டு, நீ திறக்குமுன்ன எடுத்துட்டேன். ரெண்டு நாள்ல ஆளு வருதாவ. நான் என்ன செய்ய?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"பன்னெண்டு வயசுப் பிள்ளைட்ட என்னத்தைச் சொல்ல."

"சரி, அதை விடுங்க. படிப்பு ஃபாரத்தோட வந்து நின்னேன், அப்போ எனக்குப் பதினேழு வயசு. அன்னைக்கும் அதையேதானே சொன்னீங்க. பொய்யின்னு தெரிஞ்சேதானே சொன்னீங்க?"

இதற்கு அவர் மழுப்புவார், மறந்துவிட்டது என்பார், வயதைக் காட்டித் தப்பிப்பார் என்று நினைத்திருந்தேன். அப்படிச் செய்திருந்தால் நானும் விட்டிருப்பேன். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"வேற எதைச் சொன்னா நீ நிப்ப?" என்றார். குரலில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. "போவக்கூடாதுன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்ப, சாப்பிடாமக் கிடந்திருப்ப. ஒன்னால முடியாதுன்னு சொன்னேன். நீயாட்டு மடிச்சு வச்சிட்ட."

சமையல்கார அம்மா வந்து இலை போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன். அப்பா தடியை ஊன்றி வாசல் வரை வந்தார். வீட்டுக்குப் போனதும் போன் போடு என்றார். இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. நான் இன்னும் போடவில்லை.